நீ வரைந்த என் அப்பா

ஜனவரி 9

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

நான் நலம். நீங்களும் உங்கள் அம்மாவும் நலமாக இருக்கிறீர்களா? கடிதம் என்றால் முதலில் நலம் கேட்க வேண்டும், காரியம் பிறகுதான் என்று அப்பா சொல்லிக்கொடுத்திருக்கிறார். எனக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் அவரிடம் கற்றதுதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். தெரியாவிட்டால், இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை: உங்கள் அப்பாதான் எனக்கும் அப்பா. உங்களை விட்டுக் கடல் கடந்து வேலைக்கு வந்தவர், இங்கே என் அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டார். என் அம்மா இந்த ஊர்க்காரி. வேறு மொழி, வேறு சாமி. நான் ஒரே பிள்ளை. வயது முப்பத்தொன்று.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன். வார்டிலிருந்து வரும் விரிப்புகளைத் துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்து, மடித்து அனுப்ப வேண்டும். போன பிப்ரவரியில் அப்பா தவறிப்போனார். அதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. கிழிந்ததென்று கழித்துப்போடும் விரிப்புகளைக் கேட்டு வாங்கி வந்து, கெட்டியாகக் கஞ்சி போட்டு, சட்டத்தில் இழுத்து அடித்து, அதில் படம் வரைகிறேன். யாரிடமும் படித்ததில்லை. இதுவரை முப்பத்தெட்டு விரிப்பு ஆகியிருக்கிறது. எல்லாவற்றிலும் ஒரே வீடுதான். உங்கள் வீடு.

நான் அதைப் பார்த்ததே இல்லை. அப்பா சொல்லக் கேட்டதுதான். இங்கே ஓவியக் கூடம் நடத்தும் ஒரு அம்மாள், தன் தாயாரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்த இடத்தில், கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் படம் ஒன்றைப் பார்த்துவிட்டார். எல்லாவற்றையும் சுவரில் மாட்டி ஊருக்குக் காட்ட வேண்டும் என்கிறார். "இது நெஜமாவே இருக்கற வீடா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அப்பாவின் சவரப் பெட்டிக்கு அடியில் இந்த முகவரி இருந்தது.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். உங்கள் வீட்டை ஊருக்குக் காட்ட நீங்கள் சம்மதிப்பீர்களா? நான் வரைந்திருப்பது சரிதானா? மூன்று படங்களின் புகைப்படம் இதோடு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நீங்கள் ஒப்புக்கொண்டால், உங்கள் தங்கை


ஜனவரி 28

கடிதம் எழுதியவருக்கு,

வந்து சேர்ந்தது. நல்லவேளை, அம்மா கண்ணில் படுவதற்குள் நான் எடுத்துவிட்டேன்.

என் அப்பா இறந்த செய்தியைப் பதினோரு மாதம் கழித்து, துவைத்த துணிக்கும் கழித்த துணிக்கும் நடுவில், ஒரே வரியில் சொல்லி முடித்ததற்கு மிக்க நன்றி. என் அப்பா என்று எழுதியிருக்கிறேன், கவனியுங்கள். முதலில் வந்தவள் நான்.

அவர் அங்கே குடும்பம் குட்டி என்று ஆகிவிட்டது எங்களுக்கும் தெரியும். அவரோடு வேலைக்குப் போய்த் திரும்பிய ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அம்மா அந்தப் பேச்சை எடுத்ததில்லை. நானும் எடுத்ததில்லை. ஒரே வீட்டில் இரண்டு பெண்கள் முப்பது வருஷம் ஒரு ஆளைப் பற்றிப் பேசாமல் இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. நாங்கள் இருந்து காட்டியிருக்கிறோம். இப்போது நீங்கள் அந்த வீட்டையே சுவரில் மாட்டப் போவதாக எழுதுகிறீர்கள்.

படங்களைப் பார்த்தேன். நான் மேல்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. ஐந்து வருடம் கல்லூரியில் முறையாகப் படித்தவள். அந்தத் தகுதியில் சொல்கிறேன். வெளிச்சம் இடப்பக்கம், நிழலும் இடப்பக்கம். என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இப்படி வரைந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். வாசலில் மூன்று படி போட்டிருக்கிறீர்கள், இருப்பது இரண்டு. ஜன்னலுக்கு எட்டுக் கம்பி போட்டிருக்கிறீர்கள், இருப்பது ஆறு. பின்பக்கத்து எலுமிச்சையையும் போட்டிருக்கிறீர்கள், அவர் நட்டதாகவா சொன்னார்? அது எங்களுக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் நட்டது. எங்களுக்கு முன்பே அங்கே இருக்கிறது.

சொல்லக் கூடாது, இருந்தாலும் வாத்தியார் புத்தி விடமாட்டேன் என்கிறது. பின்கதவுப் படத்தில் வெயில் உள்ளே வருகிற விதம் சரி. அந்தக் கதவை நான் இருபது வருஷமாக வரைந்து பார்க்கிறேன். எனக்கு வந்ததில்லை. அந்தக் கதவில் நான் தினமும் கோலைப் போட்டுத் தாழிடுகிறேன், எனக்கு வரவில்லை. நீங்கள் பார்த்ததுகூட இல்லை, உங்களுக்கு வந்திருக்கிறது. இதை எழுதும்போதே எனக்கு எரிகிறது.

சம்மதம் கிடையாது.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அவர் சிரிக்கும்போது சத்தம் வருமா? கோபக்காரரா? அங்கே என்ன வேலை பார்த்தார்? யாரைக் கும்பிட்டார்? பதில் எழுதினால் பள்ளிக்கூட முகவரிக்கு எழுதுங்கள். அம்மாவுக்கு நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
அவருடைய மூத்த மகள்


பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். அப்பா போனதை அப்படி எழுதியது தப்பு. அதற்கு வேறு வரி எனக்குக் கிடைக்கவில்லை. முதல் வரியிலேயே எழுதினால் நீங்கள் அதற்குமேல் படிக்க மாட்டீர்கள் என்று பயந்துவிட்டேன். மன்னித்துவிடுங்கள்.

ஒரு படியை அழித்துவிட்டேன். இரண்டு கம்பியையும் அழித்துவிட்டேன். நிழலுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அது எனக்கு இடப்பக்கம்தான் விழுகிறது.

நீங்கள் கேட்டதற்குப் பதில். சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். கோபம் வராது. கோபம் வர வேண்டிய இடத்தில் எழுந்து வெளியே போய்விடுவார். ஆஸ்பத்திரியில் துணிவண்டி தள்ளினார், முப்பத்திரண்டு வருடம். எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்து தள்ளுவார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவருக்கு இடது தோள் ஒரு விரல்கடை இறங்கித்தான் இருக்கும்.

கும்பிட்டது இரண்டு இடத்தில். வீட்டில் துணி அலமாரிக்குள் ஒரு சின்னப் படம் வைத்திருந்தார். காலையில் கதவைத் திறப்பார், உதடு அசையும், கதவைச் சாத்துவார். என் அம்மாவின் ஆட்களுக்குப் படம் கிடையாது, விளக்கு கிடையாது, பாட்டும் கிடையாது. வெள்ளையடித்த ஒரு வெற்று அறை, நாற்காலிகள், அவ்வளவுதான். எல்லோரும் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். யாருக்காவது உள்ளிருந்து சொல் வந்தால் எழுந்து சொல்லலாம், வராவிட்டால் சொல்ல வேண்டியதில்லை. அப்பா எங்களோடு வந்து கடைசி வரிசையில் உட்காருவார். நான் அந்த அலமாரிக்கும் இந்த அறைக்கும் நடுவில் வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் "நீ எந்த ஊரு மூஞ்சி?" என்று கேட்பார்கள். இந்த ஊரில் என் பெயர் ஒட்டவில்லை. உங்கள் ஊருக்கு வந்தால் முகம் ஒட்டாது.

எனக்குப் பன்னிரண்டு வயதாகும்போது ஒருநாள் அந்த அறையில் அப்பா எழுந்து நின்றார். தமிழில் பேசினார். பத்து நிமிஷம் இருக்கும். ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனாலும் தலையைக் குனிந்து கேட்டார்கள். அங்கே வழக்கம் அதுதான். என் அம்மாவும் அப்படியே கேட்டாள். எனக்கு மட்டும் புரிந்தது. அவர் சாமியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "வாசப்படி ஏறி உள்ள போனா வலது கைப்பக்கம் ஜன்னல். ஜன்னலுக்கு நேரா பின்கதவு. ரெண்டையும் தொறந்து வெச்சா வெயில் இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போவும்" என்று ஆரம்பித்து, உங்கள் வீடு முழுவதையும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

நான் வரைவதும் அப்படித்தான். வெள்ளை விரிப்பை மாட்டிவிட்டு அதன் முன்னால் சும்மா உட்காருவேன். எப்போதாவது ஏதாவது வரும். அப்பாவைப் போல முணுமுணுத்துக்கொண்டே வரைவேன்.

கூடத்து அம்மாள் என் படங்களில் ஆளே இல்லை என்கிறார். உண்மைதான். அன்று அப்பா சொன்ன வீட்டில் ஆள் இல்லை. நீங்கள் சம்மதிக்காவிட்டால் நான் ஒன்றையும் காட்ட மாட்டேன். ஆனால் அப்பாவைப் பற்றி நீங்கள் ஏதாவது சொன்னால், எனக்காக மட்டும் ஒரு படம் வரைந்து வைத்துக்கொள்வேன்.

அன்புடன்,
தங்கை


மார்ச் 6

அன்புத் தங்கைக்கு,

நலம், நலமறிய ஆவல். உன்னைவிட ஏழு வயது மூத்தவள், இனி 'நீ' என்றே எழுதுகிறேன்.

உன் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து படித்தேன். பக்கத்து நாற்காலி கணக்கு டீச்சர், "என்ன டீச்சர், மூஞ்சி இப்படிச் செவந்து போச்சு?" என்று கேட்டார். வெயில் என்று சொல்லிவிட்டேன். உனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். உன்னோடு போய் உட்கார்ந்திருக்கிறார். வேற்று மனிதர்கள் முன்னால் எழுந்து நின்று எங்கள் வீட்டைப் பேசியிருக்கிறார், அதையும் கேட்கக் கொடுத்துவைத்தவள் நீதான். முப்பது வருஷத்தையும் ஒருத்தியே அள்ளிக்கொண்டு போயிருக்கிறாய்.

ஆனால் உனக்கு மட்டும்தான் அப்பா இருந்தார் என்று நினைத்துவிடாதே. எனக்கும் இருந்தார்.

என்னைத் தரையில் நடக்கவே விடமாட்டார். எங்கே போனாலும் தோளில்தான். நான் முதல்நாள் பள்ளிக்கூடம் போனபோது விடாமல் மழை பெய்து, எங்கள் தெரு முழுக்கத் தண்ணீர். மற்றப் பிள்ளைகள் எல்லாம் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அப்பா விடவில்லை. "எம் பொண்ணு மொத நாளே லீவு போடக் கூடாது" என்று சொல்லி, என்னைத் தூக்கித் தோளில் உட்காரவைத்து, என் புது ஸ்லேட்டை என் கையிலேயே கொடுத்து, அந்தத் தெருவை முழுவதும் தண்ணீரிலேயே நடந்து கடந்தார். நான் அவர் தலைமுடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். வலித்திருக்கும், ஒரு வார்த்தை சொல்லவில்லை. வகுப்பில் அன்றைக்கு டீச்சரும் நானும் மட்டும்தான். டீச்சர் எனக்குத் தன் புடவைத் தலைப்பால் கால் துடைத்துவிட்டார்.

பென்சில் சீவித் தருவது அவர்தான். முனை உடையவே உடையாது. நான் வரைந்த முதல் படத்தை அவர்தான் சுவரில் ஒட்டினார். சிரித்தால் தோள் குலுங்கும் என்று எழுதியிருந்தாயே, எனக்கா தெரியாது? அந்தத் தோளில் உட்கார்ந்தவள் நான். மேலே இருப்பவளும் சேர்ந்து குலுங்குவாள்.

இப்போது சொல், உன்னை அப்படித் தூக்கியிருக்கிறாரா?

நன்றாக வரை. ஊருக்கும் காட்டிக்கொள். சம்மதம். அவர் யாருடைய அப்பா என்று எல்லோரும் பார்க்கட்டும்.

அன்புடன்,
அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. வரைந்து முடிக்காமல் பதில் எழுதக் கூடாது என்று இருந்தேன்.

உங்கள் கேள்விக்குப் பதில்: இல்லை. என்னைத் தூக்கியதில்லை.

அந்தப் படத்துக்கு ஒரு விரிப்பு போதவில்லை. இரண்டை ஒன்றாகத் தைத்தேன். கஞ்சி போட்டு மாட்டிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தால் எதுவுமே வரவில்லை. மூன்று வாரம் வெள்ளையாகவே தொங்கியது. என் அம்மா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் துணியை ஒருமுறை பார்ப்பாள், என்னை ஒருமுறை பார்ப்பாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. நான்கு நாளில் முடித்தேன்.

அப்பாவின் இளவயது முகம் எனக்குத் தெரியாது. அதனால் தெரிந்த முகத்தையே போட்டேன். நரைத்த தலையோடு, இறங்கிய தோளோடு, முழங்கால் தண்ணீரில் நடக்கிறார். உங்கள் முகத்தையும் நான் பார்த்ததில்லை, அதனால் அதை அவர் தலைமுடிக்குள் புதைத்துவிட்டேன். கையில் ஸ்லேட் இருக்கிறது.

அதைத்தான் கூடத்தின் நடுச்சுவரில் மாட்டினார்கள். வீட்டுப் படங்களைப் பார்த்துக்கொண்டு வருபவர்கள் இங்கே வந்ததும் நின்றுவிடுகிறார்கள். என்னோடு தேய்ப்பு மேசையில் நிற்கும் பெரியம்மா, படம் கிடம் எதையும் பார்க்காதவள், "இந்த ஆளு எங்கயும் நிக்காமப் போய்ச் சேர்ந்துடணும்" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள். ஒரு பத்திரிகை நிருபர், நரைத்த தகப்பனும் குழந்தையும் காலத்தைக் கடந்தவர்கள் என்று ஏதேதோ எழுதியிருக்கிறார். எனக்கு வேறு முகம் தெரியாது என்பதுதான் காரணம் என்று அவரிடம் சொன்னேன். அதையும் பெரிய விஷயம்போல் எழுதிக்கொண்டார். பத்திரிகையில் வந்ததை வெட்டி அனுப்பியிருக்கிறேன். படத்தின் புகைப்படமும் இருக்கிறது.

அந்தப் படத்தை விலைக்குக் கேட்டார்கள். கொடுக்க மாட்டேன் என்றேன். அது உங்களுடையது. மாதக் கடைசியில் கூடத்திலிருந்து இறக்கியதும் அனுப்புகிறேன்.

அன்புடன்,
தங்கை


மே 23

உனக்கு,

படத்தை அனுப்பாதே. அதைச் சுவரிலிருந்தே எடுத்துவிடு. இன்றைக்கே எடுத்துவிடு.

உன் புகைப்படத்தை ஒன்பது நாளாக வருகைப் பதிவேட்டுக்குள் வைத்துக்கொண்டு அலைகிறேன். ஒவ்வொரு வகுப்பிலும் பெயர் கூப்பிடும்போது எடுத்துப் பார்க்கிறேன். முதல் இரண்டு நாள் பொறாமை. தண்ணீர் வரையத் தெரியாதவள் தண்ணீர் வரைந்திருக்கிறாள், அது நனைக்கிறது. எனக்கு ஐந்து வருடம் சொல்லிக்கொடுத்த அத்தனை பேரும் இந்தத் தண்ணீரைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. நான் இருபத்தைந்து வயதில் ஒரே ஒரு கண்காட்சிக்குப் படம் அனுப்பினேன், இடமில்லை என்று சீட்டோடு திரும்பி வந்தது. உனக்கு நடுச்சுவர். வயிற்றெரிச்சலை வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் வேறு ஒன்று வந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

அவர் என்னைத் தூக்கவில்லை. அவர் போனபோது நான் பிறந்து இருபத்துமூன்று நாள். பென்சில் சீவவில்லை, படம் ஒட்டவில்லை. எம் பொண்ணு என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவர் குரலே எனக்குத் தெரியாது. நீ முப்பது வருஷம் வைத்திருந்தாயே, எனக்கு ஒரே ஒரு நாள் இருக்கட்டும் என்று தோன்றியது. அதுவும் உன்னிடம் இல்லாத ஒரு நாளாக இருக்கட்டும் என்று தோன்றியது. அதனால் எழுதினேன். எழுதும்போது சந்தோஷமாக இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

ஆனால் தெருவில் தண்ணீர் வந்தது நிஜம். ஸ்லேட் நிஜம். டீச்சர் கால் துடைத்ததும் நிஜம். தூக்கிக்கொண்டு போனது அம்மா.

என் தோளளவு உயரம்கூட இல்லாத மனுஷி. இடுப்பளவு தண்ணீரில் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு போனாள். அவள் முடியைத்தான் நான் பிடித்து இழுத்தேன். எனக்கென்று இருந்த ஒரே ஒருத்தியிடமிருந்து எடுத்து, இல்லாத ஒருத்தருக்குக் கொடுத்துவிட்டேன். அதைப் பார்த்து ஊரே மூக்கைச் சிந்துகிறது. பொய்கூட என்னுடையது, பேர் உனக்கு.

அம்மா பக்கத்து அறையில் என் நாளைய புடவையை மடித்துக்கொண்டிருக்கிறாள். அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

எடுத்துவிடு.

அக்கா


ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே படத்தைச் சுருட்டி அனுப்பிவிட்டேன். திரும்ப வரவழைக்க முடியாது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எனக்குத் தெரியும் அக்கா. முதலிலிருந்தே தெரியும்.

கடைசி வாரத்தில் அப்பாவை நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்தோம். நான் மடித்து அனுப்பிய விரிப்பில்தான் படுத்திருந்தார். ஒருநாள் மதியம் என்னிடம், "அவ எந்திரிச்சு நின்னதைக்கூட நான் பாக்கலை" என்றார். யார் என்று கேட்டேன். "இருபத்திமூணு நாளு. தொட்டில்ல விட்டுட்டு வந்தேன்" என்றார். ஆகவே உங்கள் மார்ச் மாதக் கடிதத்தின் முதல் பக்கத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்படியானால் ஏன் வரைந்தாய் என்று கேட்பீர்கள். பொறாமையில்தான்.

நீங்கள் நினைப்பதுபோல் என்னிடம் முப்பது வருஷம் இல்லை. அவர் எங்களோடு சாப்பிட்டார், எங்களோடு தூங்கினார், எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் அவர் பார்வை எப்போதும் எனக்குப் பின்னால் எங்கேயோ இருக்கும். என் செருப்பு வாரைக் கட்டிவிடும்போதுகூட அப்படித்தான். நான் சின்ன வயதில் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன், பின்னால் யார் நிற்கிறார்கள் என்று. அந்த அறையில் அவர் எழுந்து பேசிய நாளில்தான் தெரிந்தது, அங்கே ஒரு வீடு நிற்கிறது என்று. அன்றிலிருந்து உங்கள்மேல் எனக்கு எரிச்சல். பார்க்காத ஒருத்தியோடு பத்தொன்பது வருஷமாகப் போட்டி போட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் ஒரு அப்பா வந்தார். எனக்கு இருந்த அப்பாவைவிட உங்களுக்கு இல்லாத அப்பா நன்றாக இருந்தார். அப்படி ஒருவரை உட்கார்ந்த இடத்தில் உண்டாக்க உங்களுக்கு வந்ததே என்று பொறாமை. மூன்று வாரம் எனக்கு ஒன்றும் வராமல் இருந்தது அதனால்தான். அந்தத் தோளில் உங்களை உட்காரவைக்க எனக்குக் கை வரவில்லை. என்னை உட்காரவைக்கலாமா என்றும் யோசித்தேன், அதையும் மறைக்கவில்லை.

தூக்கிக்கொண்டு போனது உங்கள் அம்மா என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வரைந்திருக்க மாட்டேன். இந்தக் கடிதத்தோடு தனிப் பார்சலில் மூன்று டப்பா சாயமும் இரண்டு பிரஷ்ஷும் அனுப்புகிறேன். அப்பாவை அழித்துவிட்டு உங்கள் அம்மாவைப் போட்டுவிடுங்கள். அவர்கள் முகம் உங்களுக்குத்தான் தெரியும். கஞ்சி போட்ட துணி, இரண்டு பூச்சுத் தாங்கும். அதன்பிறகு நீங்கள் எனக்கு எழுதாமல் போனாலும் நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

தங்கை


ஜூலை 8

தங்கச்சிக்கு,

அம்மா உன்னை வரச் சொல்கிறாள். நான் சொல்லவில்லை, அம்மா சொல்கிறாள். பத்து நாளாக இந்த வீட்டில் உன் பேச்சுத்தான். அந்தப் பெண் என்ன சாப்பிடும், குளிர் தாங்குமா, கஞ்சி போட்டுப் போட்டுக் கை வெடித்திருக்குமே, ஏதாவது தடவிக்கொள்கிறாளா என்று என்னைப் பிடுங்கி எடுக்கிறாள். முப்பத்தெட்டு வருஷமாகக் கூட இருக்கிற என் கையைப் பற்றி ஒருநாள் கேட்டதில்லை. ஆகவே எனக்கு இப்போது புதிதாக ஒரு பொறாமை வந்திருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். படமும் சாயமும் போன மாதக் கடைசிச் சனிக்கிழமை வந்து சேர்ந்தன. அம்மா கண் டாக்டரிடம் போயிருந்தாள். அவள் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று படத்தை முன்னறைச் சுவரில் ஆணியால் அடித்தேன். சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டது. புகைப்படத்தில் தெரியவில்லை, அவர் என்னைவிட உயரம். முதல்முறையாக அவர் முன்னால் நின்றேன். சாயத்தைக் குழைத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறி, முகத்துக்கு நேராக பிரஷ்ஷை நீட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. எத்தனை பேர் படத்தைத் திருத்தியிருக்கிறேன். கை போகவில்லை.

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"யாருடி இந்தப் பெரியவரு?" என்றாள்.

அவள் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் போனாள். முகத்தைப் பார்த்தாள், அடையாளம் தெரியவில்லை. கீழே பார்த்தாள், மறுபடி மேலே பார்த்தாள். எம்பி இடது தோள்மேல் விரலை வைத்தாள். நீ நினைத்ததுபோல் வண்டி தள்ளி இறங்கிய தோள் இல்லை அது. கல்யாணத்தன்றே அப்படித்தான் இருந்ததாம்.

"வயசாயிடுச்சே இவருக்கு" என்றாள். அப்புறம், "இருக்காரா?" என்றாள்.

இல்லை என்றேன். உன்னைப் பற்றியும் சொன்னேன். என்னை ஸ்டூலிலிருந்து இறக்கிவிட்டு, அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "கடைசில யாரு கூட இருந்தா?" என்று மட்டும் கேட்டாள். அந்தப் பொண்ணுதான் என்றேன். "நல்லது" என்றாள். அந்த ஒரு வார்த்தையை அவள் எப்படிச் சொன்னாள் என்று உனக்கு எழுதிக் காட்ட எனக்கு வராது.

அதன்பிறகு என் திருட்டையும் ஒப்புக்கொண்டேன். இது எந்த நாள் என்று அவளுக்கு ஸ்லேட்டைப் பார்த்ததுமே தெரிந்திருக்கிறது. "நீதாம்மா தூக்கிட்டுப் போனே. நான் பொய் சொல்லிட்டேன். இப்பவே அவரை அழிச்சுட்டு உன்னைப் போட்டுடறேன்" என்று சொல்லும்போது நான்தான் அழுதேன். ஒரு டிராயிங் டீச்சர், கையில் பிரஷ்ஷோடு, ஐந்து வயதுப் பிள்ளைபோல.

அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "போடாத" என்றாள்.

"ஏம்மா?"

"நான் ஒன்னத் தூக்குனது போதும்டி. அவரு தூக்கட்டும். படத்துலயாவது தூக்கட்டும்."

எழுந்து உள்ளே போனாள். போனவள் வாசலிலேயே நின்று திரும்பி இன்னொரு முறை பார்த்தாள்.

"தண்ணி மட்டும் தப்பு. முழங்காலுக்குப் போட்டிருக்கா அந்தப் பொண்ணு. இடுப்பு வரைக்கும் ஏத்து. நல்லா நனையட்டும்."

ஏற்றிவிட்டேன். உன் சாயம் ஒரு டப்பா முழுக்கத் தீர்ந்துவிட்டது.

அக்கா